பனியன் லேபிள், கறுப்பு அந்துப்பூச்சி, தேனீ நடனம்: பரிணாமத்துக்குச் செலவுக் கணக்கு எழுதிய ஹால்டேன் யார்?

திருப்பூரில் தைத்த ஒரு டி-ஷர்ட்டை எடுத்து, பக்கத் தையலில் இருக்கும் சின்ன வெள்ளை லேபிளைப் பாருங்கள். தண்ணீர்த் தொட்டி மாதிரி ஒரு படம், அதற்குள் 30 என்ற எண். பக்கத்தில் ஒரு இஸ்திரிப் பெட்டி, அதற்குள் ஒன்றிரண்டு புள்ளிகள். ஒரு முக்கோணம், அதன் மேல் பெருக்கல் குறி. பனியன் கம்பெனிகளில் இதற்குப் பெயர் வாஷ் கேர் லேபிள்.

இந்த லேபிள் துணியைச் சூடாக்காது, குளிர்விக்கவும் செய்யாது. ஆனால் அந்தத் துணி மேல் எவ்வளவு சூடு படலாம் என்பதை இதுதான் முடிவு செய்கிறது. 30 டிகிரி தண்ணீர், குறைந்த சூட்டில் இஸ்திரி என்று படித்தவர் சட்டையைக் காப்பாற்றுகிறார். படிக்காமல் விட்டால் சட்டை சுருங்குகிறது.

குறி ஒன்று, வெப்பம் ஒன்று, குறியைப் படிக்கிற ஆள் ஒருவர். உயிர்களின் பரிணாமத்தைப் புரிந்துகொள்ளவும் இந்த மூன்றும்தான் தேவை என்று சொன்னால் நம்புவீர்களா? குறிகளை ஆராய்வது குறியியல். வெப்பத்தையும் ஆற்றலையும் ஆராய்வது வெப்ப இயக்கவியல். இந்த இரண்டையும் தொட்டு, பரிணாமத்துக்கு எண்களில் கணக்குப் போட்டவர் ஒரு பிரிட்டிஷ் விஞ்ஞானி. இந்தியாவுக்கு வந்து, இந்தியக் குடிமகனாகி, இங்கேயே இறந்தவர். அவர் ஜே.பி.எஸ். ஹால்டேன்.

யார் இந்த ஹால்டேன்?

ஜான் பர்டன் சாண்டர்சன் ஹால்டேன் 1892 நவம்பர் 5 அன்று இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டில் பிறந்தார். படித்தது கணிதமும் கிரேக்க, லத்தீன் இலக்கியமும். அறிவியலில் அவருக்கு ஒரு பட்டம்கூடக் கிடையாது. ஆனாலும் கேம்பிரிட்ஜில் உயிர்வேதியியல் ஆசிரியர், லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் மரபியல் பேராசிரியர், பிறகு உயிர்ப்புள்ளியியல் பேராசிரியர் என்று வளர்ந்தார்.

டார்வினின் இயற்கைத் தேர்வையும் மெண்டலின் மரபு விதிகளையும் கணிதத்தால் இணைத்த மூன்று பேரில் இவர் ஒருவர். மற்ற இருவர் ரொனால்ட் ஃபிஷர், சிவால் ரைட்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். குறியியல் என்ற பெயரில் ஹால்டேன் தனிக் கோட்பாடு எதுவும் எழுதவில்லை. அந்தத் துறைக்கு அடித்தளம் போட்டவர் சார்லஸ் சாண்டர்ஸ் பர்ஸ் (1839–1914) என்ற அமெரிக்கத் தத்துவவாதி. ஆனால் ஹால்டேனின் ஆய்வுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால், குறி, ஆற்றல், பரிணாமம் மூன்றும் ஒரே இடத்தில் வந்து சேர்வது தெரியும்.

குறி என்றால் என்ன? லேபிளை வைத்தே பார்க்கலாம்

பர்ஸ் குறிகளை மூன்று வகையாகப் பிரித்தார்.

- உருவத்தால் ஒத்திருப்பது. இஸ்திரிப் பெட்டிப் படம் இஸ்திரிப் பெட்டி மாதிரியே இருக்கிறது. பார்த்ததும் புரிகிறது.
- காரணத்தால் இணைந்திருப்பது. புகை தெரிந்தால் தீ இருக்கிறது. சட்டையில் மஞ்சள் தீய்ச்சல் தெரிந்தால் அயர்னிங்கில் சூடு அதிகமாகிவிட்டது.
- வழக்கத்தால் பொருள் பெற்றது. முக்கோணத்துக்கும் பிளீச்சுக்கும் இயல்பாக எந்தச் சம்பந்தமும் கிடையாது. எல்லோரும் ஒப்புக்கொண்டதால் மட்டுமே அதற்கு அந்தப் பொருள்.

இதைவிட முக்கியமான ஒன்றையும் பர்ஸ் சொன்னார். குறியும் அது சுட்டும் பொருளும் மட்டும் இருந்தால் போதாது, அதைப் புரிந்துகொள்ளும் ஒரு தரப்பும் வேண்டும். யாரும் படிக்காத லேபிள் வெறும் நாடாத் துண்டுதான்.

சுரங்கத்துக்குள் ஒரு கேனரி

ஹால்டேன் குறிகளைப் படிக்கக் கற்றது பள்ளிக்கூடத்தில் இல்லை. நிலக்கரிச் சுரங்கத்தில்.

அவருடைய அப்பா ஜான் ஸ்காட் ஹால்டேன் புகழ்பெற்ற உடலியல் விஞ்ஞானி. சுரங்கத் தொழிலாளர்களைக் கொல்லும் விஷவாயுக்களை ஆராய்ந்தவர். சின்ன வயதிலேயே மகனையும் சுரங்கத்துக்குள் கூட்டிப் போவார். ஒருமுறை, மேல்கூரையை ஒட்டி மீத்தேன் தேங்கியிருந்த இடத்தில் மகனை எழுந்து நிற்கச் சொல்லி, ஷேக்ஸ்பியர் நாடக வசனம் ஒன்றை ஒப்பிக்கச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் பையனுக்கு மூச்சு வாங்கியது, கால் தள்ளாடி விழுந்தான். தரையில் காற்று நன்றாகத்தான் இருந்தது. மீத்தேன் காற்றைவிட லேசானது, மேலே போய்த் தங்கும் என்ற பாடம் அவன் ஆயுசுக்கும் மறக்கவில்லை.

சுரங்கத்துக்குள் கேனரிப் பறவையை எடுத்துப் போகலாம் என்று பரிந்துரைத்தவரும் அந்த அப்பாதான். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. மனிதனுக்குத் தெரிவதற்கு முன்னால் கேனரி தள்ளாடி விழும். பறவை விழுந்தால் ஆட்கள் வெளியே ஓட வேண்டும். பிரிட்டிஷ் சுரங்கங்களில் இந்த வழக்கம் 1986 வரைக்கும் நீடித்தது.

கேனரிக்கு மட்டும் எப்படி முன்கூட்டியே தெரிகிறது? பதில் வெப்பத்தில் இருக்கிறது. உடல் சிறியதாக ஆக, எடையோடு ஒப்பிடும்போது தோலின் பரப்பு அதிகமாகிறது. அதனால் உடல்சூடு வேகமாக வெளியேறுகிறது. இழந்த சூட்டை ஈடுகட்டச் சின்ன உயிர் வேகமாகச் சுவாசிக்கவும், நிறையச் சாப்பிடவும் வேண்டும். அந்த வேகத்தால் விஷவாயுவும் அதன் உடலில் சீக்கிரம் ஏறுகிறது. உயிர்களின் அளவுக்கும் அவற்றின் உடல் வாழ்க்கைக்கும் உள்ள இந்த உறவைப் பற்றி மகன் ஹால்டேன் 1926-ல் எழுதிய கட்டுரை இன்றும் உலகம் முழுக்கப் படிக்கப்படுகிறது.

கேனரி விழுவது ஒரு குறி. அந்தக் குறியை உண்டாக்குவது உடலின் ஆற்றல் செலவு. குறியும் வெப்பமும் முதன்முதலில் அவருக்குச் சந்தித்த இடம் இதுதான் என்று வைத்துக்கொள்ளலாம்.

மான்செஸ்டர் கரியும் கறுப்புப் பூச்சியும்

கோயம்புத்தூரைத் தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்று சொல்வோம். அசல் மான்செஸ்டரில் 19-ம் நூற்றாண்டில் பஞ்சாலைகள் நிலக்கரியில் ஓடின. ஆலைக் கரி ஊரைச் சுற்றியிருந்த மரங்களில் படிந்தது. வெளிர் நிறமாக இருந்த மரப்பட்டைகள் கறுத்துப் போயின.

அந்த மரங்களில் ஒரு வகை அந்துப்பூச்சி இருந்தது. வெள்ளை இறக்கையில் மிளகுப்பொடி தூவின மாதிரி புள்ளிகள். 1848-ல் மான்செஸ்டரில் முதன்முதலாக அதே இனத்தின் கறுப்பு வகை பதிவானது. அந்த நூற்றாண்டு முடிவதற்குள் அந்தப் பகுதியில் கிட்டத்தட்ட எல்லாமே கறுப்பாகிவிட்டன.

1924-ல் ஹால்டேன் இதற்குக் கணக்குப் போட்டார். பூச்சிக்கு வருஷம் ஒரு தலைமுறை. ஐம்பது தலைமுறைக்குள் இவ்வளவு பெரிய மாற்றம் நடக்க வேண்டுமானால், வெளிர் பூச்சியைவிடக் கறுப்புப் பூச்சி சுமார் ஒன்றரை மடங்கு சந்ததியை விட்டுச் சென்றிருக்க வேண்டும் என்று கண்டார். பரிணாமம் என்றால் லட்சக்கணக்கான வருஷம் ஆகும் என்று நினைத்திருந்த காலம் அது. மனித ஆயுளுக்குள்ளேயே நடக்கலாம் என்று அவருடைய எண்கள் காட்டின. பறவைகள் பூச்சிகளைத் தேர்ந்து தின்பதைக் களத்தில் காட்டிய சோதனைகள் 1950களில்தான் வந்தன.

இங்கே கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். வெளிர் பூச்சியின் இறக்கை மாறவே இல்லை. நேற்று வரைக்கும் வெளிர் மரத்தில் அது பறவையின் கண்ணுக்குத் தெரியாத ஒன்று. மரம் கறுத்ததும் அதே இறக்கை, இங்கே சாப்பாடு இருக்கிறது என்று பறவைக்குச் சொல்லும் பலகையாகிவிட்டது. குறியின் பொருள் இறக்கையில் மட்டும் இல்லை. பின்னணியிலும், பார்க்கிற பறவையிலும் இருக்கிறது. பர்ஸ் சொன்ன அதே மூன்று தரப்பு.

பின்னணியை மாற்றியது எது? பஞ்சாலைக்காக எரித்த நிலக்கரி. எரிந்த ஆற்றல் மரத்தை மாற்றியது, மரம் குறியின் பொருளை மாற்றியது, பொருள் மாறியதும் ஓர் உயிரினத்தின் நிறமே மாறியது. 1956-ல் பிரிட்டனில் காற்றுத் தூய்மைச் சட்டம் வந்து புகை குறைந்த பிறகு, வெளிர் பூச்சிகள் மறுபடியும் பெருகின.

சாயத் தண்ணீர் சொல்லும் பாடம்

வெப்ப இயக்கவியல் என்றதும் பலர் ஒதுங்கிவிடுவார்கள். திருப்பூர்க்காரர்களுக்கு அந்தக் கஷ்டம் வேண்டாம். அதன் இரண்டாவது விதியை நொய்யல் ஆற்றில் பார்த்தவர்கள் அவர்கள்.

பருத்தித் துணியில் சாயம் ஏற உப்பு வேண்டும். தொட்டியில் உப்பையும் சாயத்தையும் கலப்பது சுலபம். கலந்ததைப் பிரிப்பது? அங்கேதான் பில் வருகிறது. சாயக்கழிவை ஆற்றில் விடக் கூடாது என்ற உத்தரவை நிறைவேற்றாத சாயப்பட்டறைகளை மூட 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. ஊரே ஆடிப்போனது. பூஜ்ஜியக் கழிவு முறையில்தான் பட்டறைகள் ஓட முடியும் என்றானது. சவ்வு வழியாகத் தண்ணீரை அழுத்தித் தள்ள மின்சாரம், மிச்சத்தை எவாப்பரேட்டரில் ஆவியாக்க பாய்லர் நீராவி என்று செலவு ஏறியது.

இதுதான் இரண்டாம் விதி. எல்லாப் பொருளும் தானாகவே கலந்து, சிதறி, ஒழுங்கு குறையும் பக்கம்தான் போகும். அந்தச் சிதறலின் அளவுக்குப் பெயர் என்ட்ரோப்பி. ஒழுங்கை மீட்க வேண்டுமானால் ஆற்றல் செலவழிக்க வேண்டும். அப்போதும் வேறெங்கோ சிதறல் கூடும்.

அப்போ, உயிர் எப்படி இவ்வளவு ஒழுங்காக இருக்கிறது? விதியை மீறி இல்லை. வெளியிலிருந்து ஆற்றலை வாங்கி, ஒழுங்கைக் கட்டிக் காத்து, கழிவையும் சூட்டையும் வெளியே தள்ளுகிறது. எர்வின் ஷ்ரோடிங்கர் 1944-ல் வெளியிட்ட சிறு நூலில் இந்தக் கருத்தைப் பிரபலமாக்கினார். அதற்கும் முன்னால், 1929-லேயே ஹால்டேன் அடிப்படைக் கேள்விக்குப் போயிருந்தார். உயிரில்லாத பூமியில் உயிர் எப்படி வந்திருக்கும்?

அவருடைய பதில் இது. ஆரம்பக் காலத்தில் காற்றில் ஆக்சிஜன் இல்லை. சூரியனின் புற ஊதாக் கதிர் தடையில்லாமல் தரைக்கு வந்தது. அந்த ஆற்றல் தண்ணீரிலும் கரிமில வாயுவிலும் அம்மோனியாவிலும் பட்டு, சர்க்கரை, புரதத் துணுக்குகள் போன்றவற்றை உருவாக்கியது. ஆதிக் கடல் ஒரு நீர்த்த சூப் மாதிரி ஆனது. அதிலிருந்து தன்னையே படியெடுக்கும் பொருள் வந்தது. ரஷ்யாவில் அலெக்சாண்டர் ஒபாரின் 1924-ல் இதே போன்ற கருத்தைத் தனியாக வெளியிட்டிருந்தார். 1953-ல் ஸ்டான்லி மில்லர் ஒரு கண்ணாடிக் குடுவையில் வாயுக்களை அடைத்து மின்பொறி பாய்ச்சி, அமினோ அமிலங்கள் உருவாவதைக் காட்டினார்.

பயோ வாஷ் தொட்டிக்குள்ளே குறி

திருப்பூரில் பயோ வாஷ் என்று ஒரு வேலை உண்டு. துணியின் மேல் நிற்கும் பொடி இழைகளை நீக்கி வழவழப்பாக்க, செல்லுலேஸ் என்ற நொதியைப் போட்டுத் துவைப்பார்கள். நொதி பருத்தியின் செல்லுலோஸை அடையாளம் கண்டு அறுக்கும். அதே துணியில் பாலியஸ்டர் இருந்தால் தொடாது. சூடு குறைந்தால் வேலை மந்தமாகும், அளவுக்கு மேல் போனால் நொதி செத்துவிடும்.

மூலக்கூறு அளவிலேயே ஒரு பொருளை இன்னொரு பொருள் அடையாளம் காண்கிறது. அதைச் சூடு கட்டுப்படுத்துகிறது. நொதிகள்தான் ஹால்டேனின் கேம்பிரிட்ஜ் காலத்து முக்கிய ஆய்வு. 1925-ல் ஜி.இ. பிரிக்ஸுடன் சேர்ந்து அவர் தந்த நொதிச் சமன்பாட்டு விளக்கம் இன்றும் கல்லூரிப் பாடம். நொதி ஒரு வினையை வேகப்படுத்தலாம், ஆனால் அது கடைசியில் எங்கே போய் நிற்கும் என்பதை மாற்ற முடியாது. அதைத் தீர்மானிப்பது வெப்ப இயக்கவியல். 1930-ல் வந்த அவருடைய நொதிகள் பற்றிய நூல், வினை வேகத்தையும் அந்த எல்லையையும் ஒரு சமன்பாட்டில் கட்டியது. அதற்கு ஹால்டேன் தொடர்பு என்றே பெயர்.

தேனீ நடனத்தை எண்ணிப் பார்த்தவர்

தேனீ பூவைக் கண்டுபிடித்துக் கூட்டுக்குத் திரும்பியதும், இருட்டில் மெழுகுத் தட்டின் மேல் ஒரு நடனம் ஆடும். வயிற்றை ஆட்டிக்கொண்டு நேராக ஓடும், வட்டமடித்து வரும், மறுபடி ஓடும். செங்குத்துக் கோட்டிலிருந்து எவ்வளவு சாய்ந்து ஓடுகிறதோ, சூரியனிலிருந்து அவ்வளவு கோணத்தில் பூ இருக்கிறது. எவ்வளவு நேரம் ஓடுகிறதோ அவ்வளவு தூரம். இந்த மொழியைப் படித்துச் சொன்னவர் கார்ல் ஃபான் ஃபிரிஷ். 1973-ல் நோபல் பரிசு பெற்றவர்.

ஹால்டேனும் அவர் மனைவி ஹெலன் ஸ்பர்வேயும் இதில் அடுத்த கேள்வியைக் கேட்டார்கள். நடனம் செய்தி சொல்கிறது, சரி. எவ்வளவு செய்தி?

அதை அளக்கக் கருவி அப்போதுதான் கிடைத்திருந்தது. 1948-ல் கிளாட் ஷானன் செய்தியை பிட் கணக்கில் அளக்கும் வழியைத் தந்திருந்தார். உங்கள் மொபைல் டேட்டா ஓடுவதும் அந்தக் கணக்கில்தான். ஷானனின் சூத்திரமும், வாயு மூலக்கூறுகளின் சிதறலை அளக்கும் என்ட்ரோப்பி சூத்திரமும் ஒரே வடிவம். ஒன்று வெப்பத்தின் சிதறலை அளக்கிறது, இன்னொன்று கேட்பவரின் சந்தேகத்தை அளக்கிறது. 1954-ல் ஹால்டேனும் ஸ்பர்வேயும் ஃபிரிஷின் பதிவுகளை இந்தத் தராசில் வைத்து, ஒரு நடனம் மற்றத் தேனீக்களுக்கு எவ்வளவு திசைத் தகவலைக் கடத்துகிறது என்று கணக்கிட்டார்கள்.

நடனம் எங்கிருந்து வந்தது என்பதற்கும் ஒரு விளக்கம் தந்தார்கள். அது பறக்கத் தயாராகும் அசைவின் சடங்கு வடிவம். ஒரு காலத்தில் பறப்பதற்காக மட்டும் செய்த அசைவு, தலைமுறை தலைமுறையாகச் செப்பனிடப்பட்டு, பறப்பதைப் பற்றிச் சொல்லும் அசைவாக மாறியிருக்கிறது. வேலை குறியாகிவிட்டது.

இதில் ஆற்றல் எங்கே? தேடிப் பறப்பதற்குத் தேனைத்தான் எரிக்க வேண்டும். ஒரு தேனீ ஆடி நூறு தேனீக்களின் வீண் அலைச்சலை மிச்சப்படுத்தினால், கூட்டுக்கு லாபம். அந்த லாபம் இருக்கும்வரை நடனம் நிலைக்கும்.

எந்தக் குறியும் இலவசம் கிடையாது

இப்போது எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கலாம். ஒரு பனியன் கம்பெனியில் பேட்டர்ன் இருக்கிறது. அதைப் படித்து கட்டிங் மாஸ்டர் வெட்டுகிறார், பவர் டேபிளில் தைக்கிறார்கள், மின்சாரம் ஓடுகிறது, சூடு கிளம்புகிறது. கடைசியில் செக்கிங். பழுதான பீஸ் செகண்ட்ஸில் போகிறது. பேட்டர்ன் தப்பாக இருந்தால் பழுது பெருகும்.

உயிரில் அந்த பேட்டர்ன் டிஎன்ஏ. மூன்றெழுத்துச் சொற்களாக எழுதப்பட்ட குறி. அந்தச் சொல்லுக்கும் அது சுட்டும் அமினோ அமிலத்துக்கும் உள்ள உறவு, லேபிளில் முக்கோணத்துக்கும் பிளீச்சுக்கும் உள்ள உறவு மாதிரி வழக்கத்தில் நிலைத்த ஒன்று. முதல் சொல் 1961-ல் படிக்கப்பட்டது. முழு அகராதியை வெளிக்கொண்டு வந்ததற்காக நோபல் பெற்றவர்களில் இந்தியாவில் பிறந்த ஹர் கோவிந்த் கொரானாவும் ஒருவர்.

கம்பெனிக்கும் உயிருக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. கம்பெனியில் பேட்டர்னை வரைய ஆள் இருக்கிறார். இயற்கையில் அப்படி யாரும் இல்லை. படியெடுக்கும்போது தற்செயலாகப் பிழை வருகிறது, செக்கிங் மட்டும் நடக்கிறது. செக்கிங்கில் தோற்றால் அந்த உயிர் சாகிறது, அல்லது சந்ததி இல்லாமல் போகிறது.

இந்தச் செக்கிங்குக்கு என்ன செலவு? அதைத்தான் 1957-ல் இயற்கைத் தேர்வின் விலை பற்றிய கட்டுரையில் ஹால்டேன் கணக்கிட்டார். ஓர் இனம் முழுக்க ஒரு பழைய மரபணுவுக்குப் பதிலாகப் புதியது வந்து அமர வேண்டுமானால், மொத்த எண்ணிக்கையைப் போல் சுமார் 30 மடங்கு உயிர்கள், தலைமுறைகள் நெடுக, தேர்வில் கழிய வேண்டும். சராசரியாக 300 தலைமுறை ஆகும். இந்தக் கணக்கின் மேல் இன்றும் விவாதம் உண்டு. 1968-ல் மோட்டோ கிமுரா, மூலக்கூறு அளவில் நடக்கும் பெரும்பாலான மாற்றங்கள் லாபமும் நஷ்டமும் இல்லாதவை என்ற கொள்கையை முன்வைத்தபோது, அவருக்கு ஒரு முக்கிய ஆதாரமாக இருந்தது ஹால்டேன் போட்ட இந்த விலைதான்.

1961-ல் ரோல்ஃப் லாண்டவர் என்ற இயற்பியலாளர் இன்னொரு பக்கத்திலிருந்து அதே இடத்துக்கு வந்தார். ஒரு பிட் செய்தியை அழித்தால், ஒரு குறைந்தபட்ச அளவு சூடு வெளியேறியே தீரும் என்று அவர் நிறுவினார். ஆக, குறியை எழுதவும் படிக்கவும் அழிக்கவும் ஆற்றலில் செலவு உண்டு. எந்தக் குறி நிலைக்கும் என்று தேர்ந்தெடுக்க உயிர்களில் செலவு உண்டு. இரண்டு பில்லும் சேர்ந்ததுதான் பரிணாமம்.

பல்லடம் பக்கம் சுழலும் 1923 கனவு

ஆற்றல் பற்றிய அவருடைய யோசனை ஒன்று திருப்பூர்க்காரர்களுக்குப் பழக்கமானது. 1923 பிப்ரவரியில் கேம்பிரிட்ஜில் ஒரு சங்கத்தில் பேசிய ஹால்டேன், நிலக்கரியும் எண்ணெயும் ஒருநாள் தீர்ந்துவிடும், அதன் பிறகு நாடு முழுக்க வரிசை வரிசையாகக் காற்றாலைகள் மின்சாரம் தரும் என்று சொன்னார். காற்று அதிகமாக அடிக்கும் நாட்களில் மிச்ச மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜனாகச் சேமித்து, காற்று இல்லாதபோது பயன்படுத்தலாம் என்றும் சொன்னார்.

இன்று பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் பல்லடம், உடுமலை, தாராபுரம் பக்கம் காற்றாலைகள் சுழல்கின்றன. பசுமை ஹைட்ரஜன் என்று இப்போது செய்திகளில் அடிபடும் திட்டத்தின் அடிப்படை, நூறு வருஷத்துக்கு முன்னால் அவர் சொன்னதுதான்.

குறியைப் படிக்கத் தவறிய இடம்

ஹால்டேனைக் குறையே இல்லாத மேதையாகக் காட்டினால் அது பொய்யாகிவிடும்.

அவர் தீவிர இடதுசாரி. பிரிட்டிஷ் கம்யூனிஸ்ட் கட்சியில் இருந்தார். தொழிலாளர்கள் படிக்கும் கட்சி நாளிதழில் 300க்கும் மேற்பட்ட அறிவியல் கட்டுரைகள் எழுதினார். தொழிலாளர் உயிருக்காகத் தன் உடலையே சோதனைக்குக் கொடுத்தவர். 1939-ல் தீட்டிஸ் நீர்மூழ்கி விபத்தில் 99 பேர் இறந்தபோது, அழுத்த அறைக்குள் தன்னையே அடைத்துக்கொண்டு மூச்சுத்திணறலை ஆராய்ந்தார். இப்படிப்பட்ட சோதனைகளில் அவர் செவிப்பறை கிழிந்தது, முதுகெலும்பிலும் அடிபட்டது.

ஆனால் சோவியத் யூனியனில் டிராஃபிம் லைசென்கோ என்பவர் மரபியலையே மறுத்து, அரசு ஆதரவோடு விஞ்ஞானிகளை ஒடுக்கியபோது, ஹால்டேன் வெளிப்படையாகக் கண்டிக்கத் தயங்கினார். அவர் நன்கு அறிந்த மாபெரும் மரபியலாளர் நிகோலாய் வவிலோவ் 1940-ல் கைதாகி, 1943-ல் சிறையிலேயே இறந்தார். ஒரு பூச்சியின் நிறத்திலிருந்து இயற்கையின் கணக்கைப் படித்தவர், தன் கட்சி காட்டிய அபாயக் குறியைப் படிக்கப் பல வருஷம் எடுத்துக்கொண்டார். 1950 வாக்கில் கட்சியிலிருந்து விலகினார். அந்தத் தயக்கத்தை வரலாறு மன்னிக்கவில்லை.

சாக்ஸைக் கழற்றிவிட்டு இந்தியாவுக்கு

1957-ல் ஹால்டேன் மனைவியோடு இந்தியா வந்தார். பிரிட்டன் சூயஸ் கால்வாய் விவகாரத்தில் எகிப்தைத் தாக்கியது பிடிக்கவில்லை என்றார். அறுபது வருஷம் சாக்ஸ் போட்டது போதும் என்றும் ஒரு காரணம் வேடிக்கையாகச் சொன்னார். பனியன், சாக்ஸ் பின்னும் ஊர்க்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்! கொல்கத்தாவில் மகலனோபிஸ் நடத்திய இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் சேர்ந்தார். குர்தா உடுத்தினார், சைவ உணவுக்கு மாறினார், இந்தியக் குடியுரிமையும் பெற்றார்.

இங்கே விலை உயர்ந்த கருவிகள் இல்லையே என்று அவர் புலம்பவில்லை. கண்ணும் நோட்டுப் புத்தகமும் எண்ணத் தெரிந்த மனமும் போதும் என்று இளைஞர்களுக்குக் காட்டினார். டி.ஏ. டேவிஸ் தென்னை மரங்களில் ஓலைகள் இடமாகச் சுழல்கின்றனவா வலமாகவா என்று எண்ணினார். அந்தத் திசை தாய் மரத்திலிருந்து பிள்ளைக்கு வருவதில்லை என்று கண்டுபிடித்தார். எஸ்.கே. ராய் வெவ்வேறு நெல் ரகங்களைச் சேர்த்து நட்டால் விளைச்சல் என்ன ஆகிறது என்று ஆராய்ந்தார்.

சுரேஷ் ஜெயகரும் ஸ்பர்வேயும் வறண்ட பருவத்தில் திறந்த வெளியில் முட்டையிடும் மஞ்சள் மூக்கு ஆட்காட்டியைக் கவனித்தார்கள். காங்கேயம் பக்கத்துக் கொறங்காட்டில் நடந்தவர்களுக்கு ஆட்காட்டியைத் தெரிந்திருக்கும். ஆள் வந்தால் கத்திக் காட்டிக்கொடுக்கும், அதனால்தான் அந்தப் பெயர். முட்டை மண் நிறத்தில் இருக்கும், பக்கத்தில் நின்றாலும் தெரியாது. வெயில் ஏறினால் ஆட்காட்டிகள் வயிற்று இறகைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு வந்து முட்டையைக் குளிர்விக்கும். கத்துவது ஒரு குறி, முட்டை குறியே இல்லாமல் மறைவது இன்னொரு வித்தை, நனைந்த இறகு வெப்பக் கணக்கு. ஹால்டேன் வாழ்நாள் முழுக்கத் தேடிய மூன்றும் ஒரே கூட்டில்.

நிர்வாகத்தோடு மோதல் வந்து கொல்கத்தா நிறுவனத்தை விட்டு விலகிய அவர், 1962-ல் ஒடிசாவின் புவனேஸ்வரில் மரபியல், உயிர்ப்புள்ளியியல் ஆய்வகத்தைத் தொடங்கினார்.

கடைசியாகப் படித்த குறி

புவனேஸ்வரில் இருக்கும்போது மலக்குடலில் புற்றுநோய் வந்தது. லண்டனில் அறுவை சிகிச்சை நடந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தபடி அவர் புற்றுநோயைக் கேலி செய்து ஒரு கவிதை எழுதினார். 1964-ல் அது பத்திரிகையில் வந்தபோது சிலர் முகம் சுளித்தார்கள். ஆனால் அதன் நோக்கம் தெளிவானது. ரத்தம் போவது மாதிரி அறிகுறி தெரிந்தால் வெட்கப்படாமல் உடனே டாக்டரிடம் போங்கள், சீக்கிரம் போனால் பிழைக்கலாம் என்பதுதான் அது.

குறி இருந்தால் மட்டும் போதாது, படிக்கிற ஆள் வேண்டும், படித்ததும் செயல்பட வேண்டும். ஆர்டர் முடியட்டும், ஷிப்மென்ட் போகட்டும் என்று உடம்பு சொல்வதைத் தள்ளிப்போடும் ஒவ்வொருவருக்கும் இது பொருந்தும்.

1964 டிசம்பர் 1 அன்று புவனேஸ்வரில் ஹால்டேன் காலமானார். அவருக்கு வயது 72. தனக்கான இரங்கல் உரையைத் தானே பேசிப் பதிவு செய்து வைத்திருந்தார். அவர் இறந்த பிறகு பிபிசி அதை ஒளிபரப்பியது. அவர் விருப்பப்படியே உடல் ஆந்திராவின் காக்கிநாடா ரங்கராயா மருத்துவக் கல்லூரிக்கு, மாணவர்கள் படிப்பதற்காகக் கொடுக்கப்பட்டது.